முப்பதுக்கு ஒன்று குறைவு

சில மாதங்களாக ஓர் எண் காதில் விழும்போதெல்லாம் உள்ளே ஏதோ கூசுகிறது. இருபத்தொன்பது. தமிழில் கேட்டால் ஒன்றும் ஆவதில்லை, மராத்தியில் ‘ஏகோண்தீஸ்’ என்று கேட்டால்தான். புனேக்கு அருகிலுள்ள தேஹு ரோடு கடைத்தெருவில் வெந்தயக்கீரைக் கட்டையும் பச்சைமிளகாயையும் பையில் போட்டபடியே கணக்குச் சொல்கிற அம்மாள் அதைச் சொல்வாள். லோனாவளா லோக்கலுக்காக நிற்கிறவர்களின் பேச்சில் ஒரு தேதியாக வந்து விழும். அவர்களுக்கு அது வெறும் எண். எனக்கு ஈரச் சுவரின் வாசனையும் பலப்பம் கல்பலகையில் கீச்சிடும் சத்தமும் சேர்ந்தே வரும். அந்தச் சொல்லைப் பிரித்தால் உள்ளே இருபதும் கிடைக்காது, ஒன்பதும் கிடைக்காது. முப்பதுக்கு ஒன்று குறைவு என்பதுதான் அதன் பொருள். பத்தொன்பது ‘ஏகோணீஸ்’, இருபதுக்கு ஒன்று குறைவு. முப்பத்தொன்பது ‘ஏகோண்சாளீஸ்’, நாற்பதுக்கு ஒன்று குறைவு. கையில் இருப்பதை விட்டுவிட்டு எட்டாமல் நின்றதைச் சொல்லி எண்ணுகிற முறை. தமிழன் என்ற மிதப்பில் இதைச் சிரித்துக் கடந்துவிடவும் முடியாது. நம் தொண்ணூறும் தொள்ளாயிரமும் என்ன ஒழுங்கில் நிற்கின்றன என்று ஒரு குழந்தைக்கு விளக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒன்பது என்ற சொல்லுக்குள்ளேயே பத்துக்கு ஒன்று குறைந்த கதை இருப்பதாக மொழியறிஞர்கள் சிலர் சொல்வதும் உண்டு. இதையெல்லாம் நான் பிற்பாடு தெரிந்துகொண்டேன். கூச்சம் அதற்கு முன்பே இருந்தது, அதன் காரணம் ஒரு பையன்.

1980களின் தொடக்கம். நான் படித்தது மராத்திப் பள்ளி, இரண்டாம் வகுப்பு. தகரக் கூரையில் மழை பெய்யும்போது பாயி, அதாவது எங்கள் டீச்சர், சொல்வது யாருக்கும் கேட்காது, அவர் கரும்பலகையில் எழுதிவிட்டுக் கோலால் தட்டுவார். வகுப்பில் ஐம்பதுக்கு மேல் பிள்ளைகள். மூன்று வரிசை. சன்னலோரம் ஒன்று, நடுவில் ஒன்று, சுவரோரம் ஒன்று. எந்த வரிசை எதற்கு என்று யாரும் அறிவித்ததில்லை, ஆனால் புதிதாக வந்தவனுக்கும் இரண்டு நாளில் தெரிந்துவிடும். ஆவணி மாதம்போல ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து ஒருவன் வந்து சேர்ந்தான். அப்பாவுக்கு வெடிமருந்து டிப்போவில் ஒப்பந்தக் கூலி வேலை. எங்கள் ஊரில் பாதிப் பேர் அப்படி வந்தவர்கள்தான், என் தாத்தாவும் அப்படித்தான். ஆனால் நான் அங்கேயே பிறந்தவன், மராத்தி என் வாயில் தானாக ஊறியிருந்தது. அவனுக்கு ஒரு சொல் தெரியாது. பாயி அவனை என் பக்கத்தில் உட்கார வைத்தார். ஒவ்வொரு பாடத்துக்கும் என்னைப் பார்த்து ‘த்யாலா சாங்க்’ என்பார். அவனுக்குச் சொல்லு. நான் சொல்வேன். ஒருநாள் எண்கள் சொல்லச் சொல்ல எழுத வேண்டியிருந்தது. பாயி ஏகோண்தீஸ் என்றார். அவன் அதில் ஒன்றையும் கேட்டான், முப்பதையும் கேட்டான், 31 என்று எழுதினான். நான் அவன் காதில் ‘இருபத்தொன்பதுடா’ என்றேன். சடாரென்று அழித்து 29 என்று எழுதினான். பாயி அதைப் பார்த்துவிட்டார். நான் விடையைச் சொல்லிக்கொடுத்ததாக நினைத்தார். நான் சொன்னது அவர் கேட்ட கேள்வியைத்தான், அதுவும் வேறு மொழியில். மறுநாள் அவனைச் சுவரோர வரிசைக்கு மாற்றினார்.

பாயியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் அவனை அடிக்கவில்லை, கேலி செய்யவில்லை, ஒதுக்கிவிட்டு மறக்கவும் இல்லை. தினமும் காலையில் அவன் பலகையை வாங்கி, தன் கையால் நாலு கணக்கு எழுதிக் கொடுப்பார். 4+3, 5+2, 6+1. மற்றவர்கள் கடன் வாங்கிக் கழித்துக்கொண்டிருக்கும்போது அவனுக்கு மட்டும் விரலில் எண்ணுகிற கூட்டல். அவன் முடித்துக் காட்டினால் தலையைத் தடவுவார். ஐம்பது பிள்ளைகளுக்கு நடுவே ஒருவனுக்கென்று தனியாகப் பாடம் வகுத்த அந்த அம்மாளைப்போல எத்தனை பேரை நான் பிறகு பார்த்திருக்கிறேன்? ‘வேறுபடுத்திக் கற்பித்தல்’ என்று இன்றைக்குப் பயிற்சி வகுப்புகளில் எதைச் சொல்கிறார்களோ, அதைப் பெயர் தெரியாமலே அவர் செய்தார். பிள்ளையின் நிலையைக் கணித்து, அந்த நிலைக்கு ஏற்ற பாடம் கொடுத்து, முடித்ததும் பாராட்டி. எல்லாம் முறையாக நடந்தது. கணிப்பு ஒன்றுதான் தப்பு. அது தப்பு என்று அந்த அறையில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒருவனுக்குச் சொல்ல மொழி இல்லை. இன்னொருவன் நான்.

வேறுபடுத்து என்ற சொல்லையே கொஞ்சம் நாக்கில் வைத்துப் பார்க்கிறேன். பாகுபடுத்து என்பதற்கும் அதற்கும் நடுவே ஒரு மூச்சுதான் இடைவெளி. வேறு ஏதோ நாட்டில் ஒரு பிள்ளையைத் தனியாக உட்கார வைப்பது வெறும் கற்பித்தல் உத்தியாக இருக்கக்கூடும். நம் வகுப்பறைத் தரைக்கு வேறு நினைவு இருக்கிறது. பள்ளி நாட்களில் வகுப்பின் மூலையில், தனக்கென்று ஒரு சாக்குத் துணியில் உட்கார்ந்ததை அம்பேத்கர் எழுதியிருக்கிறார். பள்ளி வேலைக்காரர் அந்தச் சாக்கைத் தொடமாட்டார் என்பதால் மாலையில் அதை வீட்டுக்கு எடுத்துப்போய் மறுநாள் கொண்டுவர வேண்டும். அதே அம்பேத்கர் 1954 டிசம்பர் 25 அன்று எங்கள் தேஹு ரோட்டுக்கு வந்து புத்தர் சிலையை நிறுவினார், நாக்பூரில் அவர் பௌத்தம் தழுவிய தீட்சைக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் முன்பு. சின்ன வயதில் அந்த இடத்தைத் தாண்டிப் பலமுறை போயிருக்கிறேன். சாக்குத் துணியையும் சுவரோர வரிசையையும் ஒரே தராசில் வைக்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். ஒன்று இழிவு, இன்னொன்று அக்கறை. ஆனால் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு அது எப்படித் தெரியும் என்பதுதான் என் சந்தேகம். தனி இடம் என்பதை உடம்பு முதலில் படிக்கிறது. அதன் நோக்கத்தைப் படிக்க வயது வேண்டும், சில பேருக்கு வாழ்நாள் முழுக்கப் போதாது. எங்கள் வகுப்பில் சுவரோரம் இருந்தவர்கள் யார் யார், அவர்களுடைய அப்பாக்கள் டிப்போவில் என்ன வேலை செய்தார்கள் என்று இப்போது கணக்கெடுத்துப் பார்க்கும்போது, அந்த வரிசையை வெறும் எண்ணறிவு மட்டும் அமைத்ததாக எனக்கு நம்பிக்கை வரவில்லை.

அந்த ஆம்பூர்ப் பையனுடைய அம்மா டிப்போ வாசலுக்குப் பக்கத்தில் இட்லி விற்றாள். அலுமினியக் குண்டானில் ஈரத்துணி போட்டு மூடிய இட்லி, தூக்குவாளியில் சட்னி. தேங்காய் விலை அதிகம், அதனால் பொட்டுக்கடலை தூக்கலாக இருக்கும். வேலையாட்கள் மாதம் முழுக்கக் கடனில் சாப்பிட்டுச் சம்பளத்தன்று கொடுப்பார்கள். தீபாவளிக்கு முந்திய ஒரு மாலை, என் அம்மா இட்லி வாங்கிவரச் சொல்லி என்னை அனுப்பினாள். அவன் குண்டானுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். மராத்திக்காரர் ஒருவர் வந்து மாதக் கணக்குக்கு முப்பது ரூபாய் நீட்டினார். அவன் கொஞ்சமும் யோசிக்காமல் ‘ஏகோண்தீஸ் ஜாலே’ என்றான். இருபத்தொன்பது ஆச்சு. சொல்லிவிட்டு ஒரு ரூபாய்த் தாளை எடுத்துத் திருப்பிக் கொடுத்தான். நான் தொன்னையைப் பிடித்தபடி நின்றேன். முப்பதுக்கு ஒன்று குறைவு என்பது அவன் கையில் ஒரு கசங்கிய நோட்டாக இருந்தது. அந்தச் சொல்லின் பொருளை வகுப்பில் யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை, சன்னலோரத்தில் உட்கார்ந்து நூறு தடவை ஒப்பித்திருந்தும் நான் அதைப் பிரித்துப் பார்த்ததில்லை. அவன் பிரித்து, பொருள் கண்டு, சில்லறையும் கொடுத்துவிட்டான். மறுநாள் காலை பாயி அவன் பலகையில் 5+4 எழுதிக் கொடுத்தார். அவன் ஒன்பது என்று எழுதித் தலையைத் தடவக் கொடுத்தான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் சொல்லவில்லை? பயம் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மை அவ்வளவு நல்லதாக இல்லை. அவன் சுவரோரம் இருந்தவரை நான் கெட்டிக்காரன்.

2025இல் ‘நேச்சர்’ ஆய்விதழில் பொருளியல் அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டவர்கள் எழுதிய கட்டுரை ஒன்று வந்தது. அதன்படி, கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகள், விலையையும் மீதிச் சில்லறையையும் மனத்திலேயே சரியாகப் போடுகிறார்கள். அதே அளவு கணக்கைப் பள்ளி வடிவத்தில் தாளில் எழுதிக் கொடுத்தால் தடுமாறுகிறார்கள். சந்தையில் வேலை செய்யாத பள்ளிப் பிள்ளைகளோ தாளில் தேறிச் சந்தைக் கணக்கில் தடுக்கி விழுகிறார்கள். படித்தபோது எனக்கு வியப்பு வரவில்லை, முகம் சுட்டது. நாற்பது ஆண்டுக்கு முன் தொன்னையோடு நின்று பார்த்ததுதான். இதில் என்னை உறுத்துகிற இடம் வேறு: பிள்ளையின் நிலை என்று எதைச் சொல்கிறோம்? அது பிள்ளைக்குள் இருக்கிற பொருளா, நாம் கேட்ட கேள்விக்கும் கேட்ட மொழிக்கும் நடுவில் உண்டாகிற ஒன்றா? நிலைக்கேற்ற பாடம் என்று சொல்லும்போது, நிலை என்ற சொல் நிலைத்து நிற்பதையும் சேர்த்துக்கொண்டு வந்துவிடுகிறது. மராத்தியில் மந்தமான பிள்ளையை ஒற்றை எழுத்தால் சொல்வார்கள், ‘ட’ என்று. நம் ட இல்லை, அடிவயிற்றுக் காற்றோடு வருவது. பிராமிக் காலத்திலிருந்து வடிவம் ஏறக்குறைய மாறாத எழுத்து அது, அதனால்தான் அந்தப் பெயர் என்று அங்கே ஒரு விளக்கம் உண்டு. எத்தனை நூற்றாண்டு ஆனாலும் அப்படியே இருப்பவன். கேலியிலும் என்ன புலமை!

அந்த மராத்தி எண்களின் மேல் ஒரு சண்டையும் நடந்தது. 2019இல் மகாராஷ்டிரத்தின் பாடநூல் நிறுவனமான பால்பாரதி, இரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் இருபதுக்கு மேற்பட்ட எண்களை ‘வீஸ் ஏக்’, ‘வீஸ் தோன்’ என்று, இருபது ஒன்று, இருபது இரண்டு என்ற வரிசையில் வாசிக்க வழி காட்டியது. பழைய சொற்களும் கூடவே இருந்தன. மராத்தியில் இருபத்துமூன்று ‘தேவீஸ்’. மூன்று முன்னால் ஒலிக்கிறது, இருபது பின்னால். காதில் கேட்ட வரிசையில் எழுதுகிற பிள்ளை 32 என்று எழுதும். எண்ணின் பெயர்களில் வரும் கூட்டெழுத்துகளின் சிக்கல் தனி. கணிதக் குழுவின் தலைவராக இருந்த மங்களா நார்லிகர் இதைப் பொறுமையாக விளக்கினார். தென்னிந்திய மொழிகளில் இப்படித்தானே எண்ணுகிறார்கள் என்றும் கேட்டார். எதிர்ப்பு கொதித்தது. சட்டமன்றம்வரை பேச்சு போனது, மொழியே கெட்டுவிடும் என்றார்கள். செய்தியைப் படித்த அன்று எனக்கு அந்த 31 நினைவுக்கு வந்தது. ஐம்பது பிள்ளைகளில் ஒருவனை நகர்த்துவதா, ஐம்பது பேருக்குமான சொல்லைக் கொஞ்சம் நகர்த்துவதா? சுவரோர வரிசை எப்போதும் மலிவான வழி. பாடத்தை நகர்த்தினால் சண்டை வரும், பிள்ளையை நகர்த்தினால் யாரும் கேட்கமாட்டார்கள். ஆனாலும் எதிர்த்தவர்களை முழுக்க மூடர்கள் என்று தள்ளவும் மனம் ஒப்பவில்லை. அந்தக் கரடுமுரடான சொற்களில்தான் சந்தை பேசுகிறது, அவன் அவற்றைப் புத்தகத்தின் உதவி இல்லாமல் சந்தையில்தான் பிடித்தான்.

‘த்யாலா சாங்க்’ என்று என்னை ஏவியது எங்கள் பாயியின் கண்டுபிடிப்பும் அல்ல. திண்ணைப் பள்ளியில் ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு இடத்தில் இருப்பான். ஒருவன் மணலில் அகரம் கீறுவான், ஒருவன் எண்சுவடியில் மாகாணி வாய்ப்பாடு ஒப்பிப்பான். சட்டாம்பிள்ளை கீழே உள்ளவனுக்குச் சொல்லிக்கொடுப்பான். 1789 முதல் 1796 வரை சென்னை எழும்பூரில் படைவீரர் அநாதைப் பிள்ளைகளின் விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டார். தன் ஆசிரியர்கள் அதை ஏற்க மறுத்தபோது எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கடைசி வகுப்புக்கு ஆசிரியனாக்கினார். 1797இல் லண்டனில் அதைப் புத்தகமாக வெளியிட, ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது கடல்தாண்டிப் பரவியது. நம் சட்டாம்பிள்ளை சீமைக்குப் போன கதையைப் பெருமையோடு சொல்கிறோம். அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு, நானும் ஒரு படைத்தள ஊரின் சட்டாம்பிள்ளைதான். ஆனால் இந்த ஏற்பாட்டில் சொல் ஒரே திசையில்தான் ஓடியது. ஆசிரியரிடமிருந்து எனக்கு, என்னிடமிருந்து அவனுக்கு, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நீர் ஓடுவதுபோல. பள்ளத்தில் என்ன விளைந்திருக்கிறது என்று மேட்டுக்குக் கொண்டுபோக ஒரு வாய்க்காலும் இல்லை. சொல்லிக்கொடுத்ததில் என் மராத்தி வளர்ந்தது, என் கணக்கு வளர்ந்தது. இரண்டு பேருக்கும் நன்மை என்பார்கள். என் பங்கு எனக்குத் தெரியும்.

தமிழ்நாட்டில் செயல்வழிக் கற்றல் வந்தபோது நான் இதையெல்லாம் மறந்திருந்தேன். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஐ.ஏ.எஸ். அதிகாரி எம்.பி. விஜயகுமார் அதைத் தொடங்க, 2007-08 வாக்கில் மாநிலம் முழுவதும் பரவியது. மதனப்பள்ளி அருகே ரிஷி பள்ளத்தாக்கில் கிராமப் பள்ளிகளுக்காக உருவான அட்டைகளும் கற்றல் ஏணியும்தான் அதற்கு வேர். விடுமுறையில் அக்கா வேலை பார்த்த பள்ளிக்கு ஒருநாள் போயிருந்தேன். வரிசையே இல்லை. பாயில் வட்டம் வட்டமாகப் பிள்ளைகள். சுவரைச் சுற்றிக் குழந்தையின் தோள் உயரத்தில் கரும்பலகை, ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. தன் படி எது என்று ஏணியில் பார்த்து, தட்டிலிருந்து அட்டையை எடுத்து, அதற்கான குழுவில் போய் உட்கார்ந்தார்கள். ஒருவர் நாலு நாள் வராவிட்டால் விட்ட படியிலிருந்தே தொடரலாம். சுவரோரம் எல்லோருக்கும் உரியதாகியிருந்தது. அதைப் பார்த்து நின்றபோது தொண்டை கொஞ்சம் அடைத்தது. இதில் அவனுக்கு நல்லது நடந்திருக்குமா? நடந்திருக்கும் என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு அக்கா சொன்னாள், ‘அட்டை தப்பாம ஓடுது, ஆனா புள்ள அட்டைல நிக்குதா வெளில நிக்குதான்னு நாமதான் பாக்கணும், பாக்க எங்க நேரம்?’ 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள். பெயர் வைத்தவருக்கு நல்ல காது. குறைவு என்று எதையும் சொல்லாமல் தமிழ் பூவின் ஒவ்வொரு பருவத்துக்கும் தனிப் பெயர் வைத்திருக்கிறது. அரும்பு மலருக்கு ஒன்று குறைவானதல்ல. ஆனால் அரும்பு நாளை அரும்பாக இருக்காது என்பதும் அந்தப் பெயருக்குள் இருக்கிறது. ஒரு பிள்ளை ஆண்டுக்கணக்கில் அரும்பாகவே இருந்தால் அந்த அழகான சொல்லும் சீக்கிரம் ‘ட’ ஆகிவிடும். எந்தப் பெயரையும் பிள்ளைகள் ஒரு வாரத்தில் மொழிபெயர்த்துக்கொள்வார்கள். என் மகள் படிக்கிற பள்ளியில் பயிற்சித் தாள்கள் மூன்று நிறத்தில் வரும். எந்த நிறம் எதற்கு என்று கேட்டேன். ‘எல்லாமே ஒண்ணுதான்பா, மிஸ் சொன்னாங்க’ என்றவள், கொஞ்சம் கழித்து, ‘ஆனா மஞ்சள் ஈஸி’ என்றாள்.

கல்வி உரிமைச் சட்டம் 2009இலேயே, பிரிவு 24இல், ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் கணித்துத் தேவைப்படும் கூடுதல் கற்பித்தலைத் தருவது ஆசிரியரின் கடமை என்கிறது. தொடக்க வகுப்புகளில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்ற கணக்கும் அதே சட்டத்தில் உண்டு. முப்பது பேரையும் ஒருவர் அறிவது எப்படி என்று சட்டம் சொல்லாது, அது சட்டத்தின் வேலையும் இல்லை. இருபத்தொன்பது பேரை அறிந்துவிடலாம் என்று வைத்துக்கொண்டாலும், மீதி ஒருவன் யார் என்பது பக்கத்தில் இருப்பவனுக்கே தெரிந்திருக்கும். அதைத்தான் இத்தனை நாளாகச் சுற்றிச் சுற்றி வருகிறேன். ஏகோண்தீஸ் என்ற சொல்லின் மேல் எனக்கு இப்போது பழைய கோபம் இல்லை. இருபதும் ஒன்பதும் என்று எண்ணினால் கையில் உள்ளது தெரியும். முப்பதுக்கு ஒன்று என்று எண்ணினால் அடுத்த படி எவ்வளவு பக்கம் என்று தெரியும். பிள்ளையைப் பார்க்கிற கண்ணுக்கு இரண்டு எண்ணும் முறையும் வேண்டும். பாயி அவனுக்கு ஒன்பதோடு நிறுத்திவிட்டார். அவன் தீபாவளி விடுமுறைக்குப் பிறகு வரவில்லை. அப்பாவுக்கு வேறு ஊரில் வேலை என்றார்கள். இட்லிக் குண்டான் இருந்த இடத்தில் கொஞ்ச நாள் ஈரத்தின் வட்டம் இருந்தது. பாயி ஒருமுறையாவது என்னைப் பார்த்து ‘த்யாலா விசார்’ என்று சொல்லியிருந்தால் என்று நினைத்துக்கொள்கிறேன். அவனைக் கேள். அந்த ஒரு மராத்திச் சொல்லை நான் அவனுக்கு மொழிபெயர்த்திருக்க வேண்டியதே இல்லை. ஆம்பூரிலும் அதற்கு விசாரி என்றுதான் பெயர்.